இருப்பு குறையாத கிடங்கு

சனிக்கிழமை காலை பதினொரு மணிக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

பிரசிதான் ஆதிமூலம்.
கிடங்குப் பொறுப்பாளர் சக்கரபாணி.
பேருந்து நிலையப் பிரிவிலிருந்து நான்கு பேர்.
வங்கி வாசல் மற்றும் ஜெராக்ஸ் கடைப் பிரிவிலிருந்து எழிலரசன்.
கல்யாண மண்டபப் பிரிவிலிருந்து யாரும் இல்லை. முகூர்த்த நாள் என்பதால் அனைவரும் பணியில்.
திருப்பார்வைச் சபையின் உளவாளிகள் இருவர் (ரகசியம். திரைக்குப் பின்னால், ஏழாவது, எட்டாவது நாற்காலிகள். ஒருவருக்குச் சர்க்கரை இல்லாத டீ).
பொருளைப் பறிகொடுத்தவர் ஒருவர்.

அந்த ஒருவர் அஞ்சலாட்சி. அவளுக்கு நாற்காலி இல்லை. நின்றுகொண்டிருந்தாள். கையில் அவளுடைய செருப்பு இருந்தது. செருப்பை வாசலில் விட்டால் சங்கம் பொறுப்பல்ல என்று படிக்கட்டுக்குக் கீழேயே எழுதிப் போட்டிருந்தார்கள். மேலே வந்து பார்த்தால் தலைவரின் நாற்காலியை ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு இரும்புக் கூண்டு. மேஜையில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட் வைத்து, தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆளையும் வைத்திருந்தார்கள்.

புதுச்சேரி பொருள் இடமாற்றுநர் சங்கம் என்பது திருடர்களின் சங்கம். அதை அப்படிச் சொல்லக்கூடாது. தலைவரையும் தலைவர் என்று சொல்லக்கூடாது, பிரசிதான் என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அனுமதிப் பத்திரம் சங்கத்திடம் இருக்கிறதாம். அதைப் பார்க்க முடியாது. பாதுகாப்பை முன்னிட்டு வங்கி லாக்கரில் வைத்திருக்கிறார்கள்.

அஞ்சலாட்சி பறிகொடுத்தது ஒரு ஃபைல். நீல நிற பிளாஸ்டிக் ஃபைல், ஓரத்தில் ஜிப் வைத்தது. உள்ளே அவள் மகள் இனியாவின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், அப்பாவின் இறப்புச் சான்றிதழ். எல்லாம் ஒரிஜினல். இனியாவுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்குள் ஒரிஜினலைக் காட்டாவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். நகல் எடுக்க வேண்டுமென்று வியாழக்கிழமை நெல்லித்தோப்பில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கூட்டமாக இருந்தது. யாருடையதோ ஒரு ஸ்கூட்டர் சீட்டின்மேல் ஃபைலை வைத்துவிட்டுச் சுருக்குப் பையில் சில்லறை தேடினாள். நிமிர்ந்தபோது ஸ்கூட்டர் இருந்தது.

வெள்ளிக்கிழமை புகார் எழுதப் போன இடத்தில், டூப்ளிகேட் வாங்க மூன்று மாதம் ஆகும் என்றார்கள். எழுதுகிறவருக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தி, சங்கத்தில் போய்க் கேட்கச் சொன்னார். அங்கே ரிக்கார்டு சுத்தமாக இருக்கும் என்றார். விலாசத்தை அவரே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை பிரசிதான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கும் வயது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. பிறகு எழுந்தார். அவர் எழுந்ததும் மற்ற எல்லாரும் எழுந்து தத்தம் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அது சங்கத்தின் வணக்கம்.

"மதாம், ஒங்க வருத்தம் புரியுது. ஆனா சங்கத்தோட கொள்கைய நீங்க புரிஞ்சிக்கணும். பெரிய எடத்துல கை வெச்சா இன்னா ஆவும்? நாலு போன் வரும். பேப்பர்ல போடுவான். ஊரு நிம்மதி கெடும். ஒங்கள மாதிரி உள்ளவங்க கிட்ட எடுத்தா, ஒருநாள் அழுவீங்க, தலையெழுத்துன்னுவீங்க, மறுநாளு வேலைக்குப் போயிடுவீங்க. ஊரு அமைதியா இருக்கு. இந்த அமைதிய யாரு காப்பாத்தறது? பாதி நாங்க, பாதி நீங்க. இது கூட்டு முயற்சி, மதாம்."

எல்லோரும் கை தட்டினார்கள். திரைக்குப் பின்னாலிருந்தும் தட்டும் சத்தம் வந்தது.

"எனக்கு அமைதி வேணாங்க. ஃபைல குடுங்க, போறேன்" என்றாள் அஞ்சலாட்சி.

குடுங்க என்ற சொல் அந்த அறையில் அதுவரை ஒலித்ததில்லை போலிருக்கிறது. பேருந்து நிலையப் பிரிவு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. எழிலரசன் மட்டும் தலையைக் குனிந்தபடி, வீட்டுப் பத்திரம் என்று நினைத்துத்தான் எடுத்ததாகவும், மார்க் ஷீட் என்று தெரிந்திருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்திருப்பேன் என்றும் சொன்னான். பிரசிதான் மேஜையைத் தட்டினார். சங்கத்தில் வருத்தம் தெரிவிப்பது தனிக் குற்றம். அவன் சொன்னது குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

பிறகு கிடங்குப் பொறுப்பாளர் சக்கரபாணி விதியை விளக்கினார். மெலிந்த மனிதர், காதில் பேனா. ஒரு காலத்தில் மில்லில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவர். மில்லை மூடிப் பல வருடம் கழித்து, இருந்த அனுபவத்தை வைத்து இங்கே சேர்ந்துவிட்டார். கிடங்கில் பொருளை வாங்கி வைக்க விதி இருக்கிறது, திருப்பிக் கொடுக்க விதி இல்லை. பொருள் வெளியே போக ஒரே வழி, யாராவது அதை இடமாற்ற வேண்டும். ஊர் எல்லைக்குள் இடமாற்றும் உரிமை உறுப்பினருக்கு மட்டும்தான் உண்டு. ஆகவே அவள் முதலில் உறுப்பினராக வேண்டும். உறுப்பினராக ஒரு இடமாற்றம் செய்திருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்ததாகத் திருப்பார்வைச் சபை சீட்டுத் தர வேண்டும்.

"எம் பொருள நானே திருடணுமா?"

"அந்த வார்த்தைய சொல்லாதீங்கம்மா" என்றார் சக்கரபாணி. உண்மையிலேயே அவர் முகம் சுருங்கியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. திருப்பார்வைச் சபை வைத்திக்குப்பத்தில், படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலுக்குப் பின்னால் இருந்தது. ஜன்னலே இல்லாத கட்டிடம். சுவர் முழுக்க விரல் நுழையும் அளவுக்குத் துளைகள். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே தெரியும், வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே தெரியாது. எல்லா மதத்தவரும் செய்யும் எல்லாத் தவறுகளையும் கடவுளுக்காகக் கவனித்து எழுதி வைப்பது சபையின் வழிபாடு. எந்தக் கடவுளுக்காக என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்கள் பெயரையும் எழுதிவிடுவார்கள்.

தலைமைப் பார்வையர் கலைவாணி அம்மாள் கனிவாகப் பேசினார். வியாழக்கிழமைச் சீட்டை எடுத்துப் படித்தும் காட்டினார். மதியம் பன்னிரண்டு பத்து. சிவப்புச் சட்டை போட்டவர் ஃபைலை எடுத்தார். அந்த நேரத்தில் மேற்படிப் பெண் எதிரில் இருந்த கோழிக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. அன்றைக்கு விரத நாளாம்.

சில்லறைதான் தேடிக்கொண்டிருந்தேன் என்றாள் அஞ்சலாட்சி. சில்லறை தேடுவதற்கு முன்பு பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது என்றார் கலைவாணி அம்மாள்.

"எடுக்கறத பாத்துக்கினே இருந்திருக்கீங்க. ஒரு கொரல் குடுத்திருக்கலாமில்ல?"

"நாங்க தடுக்கறதில்லம்மா. எல்லாத்தையும் தடுத்துட்டா அப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்கும்? பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லன்னா பக்தி எப்படி வரும்?"

சீட்டுத் தருவதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அவள் திருடட்டும், அவளுடைய தெருவுக்கு உரிய பார்வையர் பின்னாலேயே வந்து பார்த்து எழுதிக் கொடுப்பார். ஒரே நிபந்தனை, திருட்டு உண்மையானதாக இருக்க வேண்டும். பறிகொடுப்பவர் மனமொப்பிக் கொடுத்த பொருள் செல்லாது. சொல்லிவிட்டு மணியை அடித்தார். உள்ளேயிருந்து ஒரு கட்டுச் சீட்டுகளோடு வந்து நின்றவர் சாமிக்கண்ணு.

சாமிக்கண்ணு அவள் தெருமுனையில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவர். பதினோரு வருடமாக அவள் வேலை பார்க்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளை அவரிடம்தான் கொடுத்து வாங்கினாள். அவள் புருஷன் பாடையில் போனபோது முன்னால் தோள் கொடுத்தவர். அவர் கையில் இருந்த கட்டு அவள் சம்பந்தப்பட்டது என்று கலைவாணி அம்மாள் சொன்னார். ஒரு செங்கல் அளவுக்கு இருந்தது. அஞ்சலாட்சி மேலாக ஒரு சீட்டை உருவிப் பார்த்தாள். புருஷன் இறந்து எட்டாம் நாள், காரியம் முடியுமுன் அவித்த முட்டை இரண்டு தின்றாள் என்று எழுதியிருந்தது.

"அண்ணே, அன்னிக்கு அந்த முட்டய வாங்கியாந்து, ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல, துன்னு தாயின்னு குடுத்தது நீதான?"

"அதயும் எழுதியிருக்கேன் தாயி" என்றார் சாமிக்கண்ணு. "பின்பக்கம் பாரு."

பின்பக்கம் இப்படி இருந்தது: முட்டை வாங்கிக் கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை.

அவள் அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அழுதால் அதற்கும் ஒரு சீட்டு ஆகும் என்று இப்போது தெரிந்திருந்தது.

அன்று பகல் முழுவதும் அஞ்சலாட்சி திருட முயன்றாள். பத்தடி பின்னால் சாமிக்கண்ணு நோட்டும் பென்சிலுமாக வந்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒரு கட்டுக் கொத்தமல்லியை எடுத்து முந்தானைக்குள் வைத்தாள். காய்க்காரம்மாள் பார்த்துவிட்டு, ஒரு கட்டு எப்படிப் போதும் என்று கூடவே கறிவேப்பிலையையும் திணித்தாள். சாமிக்கண்ணு உதட்டைப் பிதுக்கினார். அடுத்து அவள் வேலை செய்யும் விடுதியில் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தியின் குடையை எடுத்துக்கொண்டு நேராக வாசலுக்கு நடந்தாள். அந்த அம்மாள் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்து, குடைக்கு உறை ஒன்று உண்டு என்று அதையும் கொடுத்துவிட்டுப் போனாள். டீக்கடையில் ஒரு ஆட்டோக்காரரின் கண்ணெதிரே அவருடைய பன்னை எடுத்துக் கடித்தாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காசில்லையா அக்கா என்று கேட்டு, ஒரு டீயும் சொன்னார்.

திருடனுக்குத் தொழிலை யார் கற்றுக்கொடுத்தார்களோ, அவர்களிடம் கேட்க வேண்டும் இந்த ஊரில் எப்படித் திருடுவதென்று. அவள் கையில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, குடை, உறை, பாதிப் பன். ஒன்றும் செல்லாது. மணி நாலு ஆகியிருந்தது. சாமிக்கண்ணு கால் வலிக்கிறது என்று ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்து, பென்சிலை நோட்டின்மேல் வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அஞ்சலாட்சி பென்சிலை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"தாயி, அது சபை பென்சிலு. யாருக்கும் தரக்கூடாது."

"நீ தர வேணாம்."

சாமிக்கண்ணுவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் முகம் மலர்ந்தது. பதினோரு வருடத்தில் அவர் கண்முன்னால் நடந்த முதல் சுத்தமான திருட்டு அது. உடனே எழுத வேண்டுமென்று நோட்டைத் திறந்தார். எழுதப் பென்சில் இல்லை. சற்றுத் தயங்கிவிட்டு அவளிடமே இரவல் கேட்டார். அவள் கொடுத்தாள். மேற்படிப் பெண் பார்வையரின் பென்சிலைத் திருடினாள், பார்வையர் மனமொப்பவில்லை என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு பென்சிலையும் திருப்பிக் கொடுத்தார். அதைத் தானே வைத்துக்கொண்டால் திருட்டு செல்லாமல் போய்விடும்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே அவள் சீட்டோடு சங்கத்துக்குப் போய்விட்டாள். உறுப்பினர் சேர்க்கை விழா பன்னிரண்டு மணிக்குத்தான் தொடங்கியது. வரவேற்புரை இருந்தது, வாழ்த்துரை மூன்று இருந்தது. அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்திய கையோடு எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்கள். சங்கத்துக்கு அது ஒன்றுதான் இருந்தது. பிரசிதான் ஒரு மணி நேரம் பேசினார். பெண்கள் இந்தத் துறைக்கு வராததுதான் சமூகத்தின் பெருங்குறை என்றார். பசித்தவன் சங்கத்தில் சேராமல் தனியாகத் திருடுவது ஒழுக்கக்கேடு என்றார். அஞ்சலாட்சி கூண்டுக்குள் இருந்த கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தாள். இனியா பின்பக்கச் சந்தில், தோழியிடம் கேட்டு வாங்கிய ஸ்கூட்டியோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். நன்றியுரை முடிந்தபோது மணி இரண்டு இருபது.

கிடங்கு கீழ்த்தளத்தில், பின்பக்கமாக இருந்தது. சக்கரபாணி இரண்டு பூட்டுகளைத் திறந்து அவளை உள்ளே விட்டார். நகையோ போனோ அங்கே இருக்குமென்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பாள். விலை போகக்கூடிய எதையும் உறுப்பினர்கள் கிடங்குவரை கொண்டுவருவதில்லை. யாரும் வாங்காதது மட்டுமே இங்கே வரும். மூக்குக் கண்ணாடிகள். பல்செட்டுகள். ஆஸ்பத்திரிச் சீட்டுகள் அடைத்த பைகள். ஒரு செயற்கைக் கால். ஒரு சுவர் முழுக்க ஃபைல்கள், தரையிலிருந்து கூரைவரை. ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு பெண் அல்லது பையன், பாஸ்போர்ட் அளவில், தலையைப் படிய வாரிக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி இருந்தார்கள். மூலையில் ஒரு பழைய ஃபைலின் முதுகில் எழுதியிருந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆன வருடம்.

இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் செய்வதில்லை என்றார் சக்கரபாணி. ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று உருப்படி. அவர் பொறுப்பேற்ற நாளிலிருந்து இருப்பு ஒன்றுகூடக் குறைந்ததில்லை என்று சொன்னபோது அவர் குரலில் ஒரு தகப்பனின் பெருமை இருந்தது.

நீல ஃபைல் கடைசி வரிசையில் இருந்தது. அஞ்சலாட்சி ஜிப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. விதிப்படி சக்கரபாணி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஃபைலைச் சாய்த்து வெளியே நீட்டினாள். இனியா வாங்கிக்கொண்டாள்.

"நேரமாயிடுச்சும்மா, நான் போறேன். நீ பஸ் புடிச்சி வந்துடு."

"ஹெல்மெட்ட போடு."

வண்டி கிளம்பிவிட்டது. மணி இரண்டு முப்பத்தைந்து.

சக்கரபாணி திரும்பி, சம்பிரதாயமாக ஒருமுறை எண்ணினார். பிறகு நிஜமாகவே எண்ணினார். காதிலிருந்த பேனாவை எடுத்தார், மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு. இரண்டு நூற்றாண்டு விதிகளில் கிடங்கிலிருந்து எப்படி எடுக்கலாம் என்று இருந்தது. எடுத்தபிறகு இருப்பு குறையுமே என்று யாரும் யோசித்திருக்கவில்லை. இதுவரை யாரும் எடுத்ததில்லை.

மூன்று மணிக்குச் சபையிலிருந்து கிடங்கைப் பார்வையிட வருகிறார்கள் என்றார் அவர். மாதத்தின் முதல் திங்கள். ஒன்று குறைந்தால் சபை எழுதும். சபை எழுதினால் சங்கத்தின் பெயர் கெடும். அவர் வேலை போகும். மில்லை மூடிய பிறகு எட்டு வருடம் வேலையில்லாமல் இருந்தவர் அவர்.

"எழிலரசன் வெளிய வண்டியோட நிக்கறான்" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு கவுண்டருக்குப் போறதுக்குள்ள எடுத்துக்கினு வந்துடுவான். நல்ல கைம்மா அவனுக்கு. பொண்ணு மேல ஒரு கீறல் படாது."

அஞ்சலாட்சி அவரைப் பார்த்தாள். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. கெட்டவனாக இருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். உறுப்பினரின் பொருளை இன்னொரு உறுப்பினர் தொடக்கூடாது என்று விழாவில் வாசித்தார்களே என்று கேட்டாள். அவள்தான் உறுப்பினர், மகள் இல்லையே என்றார் அவர். வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவந்து வைக்கிறேன் என்றாள். மனமொப்பித் தருவது கிடங்கில் சேராது, அதோடு நேரமும் இல்லை என்றார் அவர். சொல்லிவிட்டு வாசல் பக்கம் போய் எழிலரசனைக் கூப்பிட வாயைத் திறந்தார்.

"இருங்க. எண்ணிக்கதான வேணும் ஒங்களுக்கு?"

"ஆமாம்மா."

"நான் இருக்கறன் அந்த எடத்துல."

சக்கரபாணி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னால் ஒருமுறை, பின்னாலிருந்து முன்னால் ஒருமுறை. கூடாது என்று எங்கும் இல்லை. உருப்படி உயிரற்றதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. அது மனமொப்பித் தருவதாகாதா என்று அவருக்கே ஒரு சந்தேகம் வந்தது.

"எனக்கு மனசில்ல" என்றாள் அஞ்சலாட்சி. "எழுதிக்க."

அது அவருக்குத் திருப்தியாக இருந்தது. பேரேட்டைத் திறந்து, நீல ஃபைலின் வரியை அடிக்காமல், அதே எண்ணுக்கு நேராக அவள் பெயரை எழுதினார். வகை என்ற இடத்தில் பேனா நின்றது. ஃபைல், கண்ணாடி, பை, மற்றவை. நான்குதான் இருந்தது.

"மற்றவைன்னு போட்டா கேள்வி கேப்பாங்கம்மா."

"ஃபைலுன்னே போடு. காயிதம் சொமக்கறதுதான அது."

அவர் அப்படியே எழுதினார். எண் போட்ட சின்ன வில்லை ஒன்றை எடுத்து, பின்பக்கத் தாளை உரித்து, எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் நின்றார். அவளே வாங்கித் தோளில் ஒட்டிக்கொண்டாள். கடைசி வரிசையில் ஃபைல் இருந்த இடம் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இல்லை. மூக்குக் கண்ணாடிப் பெட்டிகளை ஒதுக்கி, அதன்முன் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சக்கரபாணி மறுபடி எண்ணினார். இந்த முறை சரியாக வந்தது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

மணி என்ன என்று கேட்டாள். இரண்டு ஐம்பது. இந்நேரம் இனியா கவுண்டர் வரிசையில் நின்றிருப்பாள். பஸ் கிடைத்ததா என்று அம்மாவுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கலாம். அவள் போனை மேலே விழா தொடங்கும் முன்பே யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

"தண்ணி ஏதாவது வேணுமாம்மா?" என்று கேட்ட சக்கரபாணி, கேட்ட பிறகு, கிடங்கில் இருக்கும் உருப்படிகளுக்குத் தண்ணீர் வைக்க விதி இருக்கிறதா என்று யோசித்தார். யோசித்துக்கொண்டே விளக்கை அணைத்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். முதல் பூட்டு விழுந்தது, இரண்டாவது விழுந்தது. ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தார்.